கம்பாட்டிபிள் – ஒரு கெட்ட வார்த்தை

"ரெண்டும் கம்பாட்டிபிள் தான் பாஸ். கமாண்டு அதே தான். பேரை மட்டும் மாத்திப் போடுங்க, வேலை முடிஞ்சுது."

பொட்டி தட்டிப் பொழைக்கிற நம்ம உலகத்துல அதிகமா சொல்லப்படுற பொய் எதுன்னு கேட்டா, "திங்கக்கிழமை கண்டிப்பா டெலிவரி" கூட எனக்கு ரெண்டாவது தான். முதல் பரிசு மேலே இருக்கிற வரிக்கு. இந்தப் பதிவு அந்த வரியைத் திட்டுறதுக்காகவே எழுதினது. கொஞ்சம் நீளம், கொஞ்சம் ஆணி வாசனை அடிக்கும். ஆணி புடுங்காத நண்பர்களும் பாதியில ஓடிப் போயிடாதீங்க. விஷயம் உங்களையும் தொடுது, எப்படின்னு கீழே சொல்றேன்.

முதல்ல அடிப்படை. நாம எழுதுற நிரல் மனுஷன் படிக்கிறதுக்கு. அதை மெஷின் படிக்கிற மாதிரி மாத்துறது கம்பைலர் (சுத்தத் தமிழ்ல நிரல்பெயர்ப்பி). பெரிய நிரல்னா நூறு, ஆயிரம் கோப்பா பிரிச்சு எழுதுவோம். ஒவ்வொண்ணையும் கம்பைலர் தனித்தனியா ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலா மாத்தி வைக்கும். அப்புறம் லிங்கர்னு ஒருத்தர் வந்து எல்லாத்தையும் தச்சு ஒரே சட்டை ஆக்குவார். கையை ஒரு டெய்லர் வெட்டினார், காலரை இன்னொருத்தர் வெட்டினார்னு வைங்க. ரெண்டு பேரும் ஒரே அளவு நாடாவைப் பிடிச்சிருக்கணும் இல்லையா? அந்த நாடா தான் ஆப்ஜெக்ட் ஃபைல் பத்தின ஒப்பந்தம்.

இப்போ டெய்லர்கள் யாரு யாருன்னு பார்ப்போம். ஜிசிசி, 1987-ல ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட்டுக்கு சிஎல்னு சொந்தமா ஒண்ணு. அப்புறம் 2000-ல இல்லினாய் பல்கலைக்கழகத்துல கிறிஸ் லாட்னரும் விக்ரம் அத்வேயும் ஆரம்பிச்ச எல்எல்விஎம். அதுக்கு மேல உட்கார்ந்த கிளாங்கை 2007-ல ஆப்பிள் திறந்த மூலமா விட்டுச்சு.

கடைசியா வந்தவருக்கு எப்பவும் ஒரு கஷ்டம் உண்டு. ஊரே ஜிசிசிக்கு ஏத்த மாதிரி மேக்ஃபைல் எழுதி வச்சிருக்கு. அதனால கிளாங் என்ன பண்ணுச்சு? "ஜிசிசிக்குக் கொடுக்கிற அதே கமாண்டை எனக்கும் கொடு"ன்னுச்சு. மைக்ரோசாஃப்ட் ஆளுங்களுக்காக கிளாங்-சிஎல்னு இன்னொரு வேஷமும் கட்டுச்சு. வேஷம்னு நான் சும்மா சொல்லலை. நிரலுக்குள்ள இருந்து "நீ ஜிசிசியா?"ன்னு கேட்டா, லினக்ஸ்லயும் மேக்லயும் கிளாங் "ஆமா, நான் ஜிசிசி 4.2.1"ன்னு தான் சொல்லும். அது 2007-ல வந்த பதிப்பு! ஆப்பிள் ஒரு படி மேலே போச்சு. 2013-ல எக்ஸ்கோட் 5 வந்ததுல இருந்து, மேக்ல ஜிசிசின்னு டைப் பண்ணினா ஓடுறது கிளாங். பலகையில சரவண பவன்னு இருக்கும், உள்ளே சமைக்கிறவர் வேற. சாப்பாடு நல்லாவே இருக்கும், அதுல குறை இல்லை. ஆனா பலகை?

சரி, மேட்டருக்கு வருவோம். கமாண்டு ஒண்ணா இருக்கு, வெளிய வர்ற ஆப்ஜெக்ட் ஃபைல் ஒண்ணா இருக்கா?

1. ஒரே ஃபிளாக், வேற வேற சரக்கு

எல்டிஓன்னு ஒரு வசதி. லிங்க் பண்ற நேரத்துல எல்லாக் கோப்பையும் ஒட்டுமொத்தமாப் பார்த்து நிரலை வேகமாக்குறது. இதுக்கு ஜிசிசி, கிளாங் ரெண்டுக்கும் ஒரே ஃபிளாக் தான், எழுத்து மாறாம. ரெண்டும் கொடுக்கிற கோப்புக்கும் .ஓ தான் பின்பெயர். உள்ளே திறந்து பார்த்தா கிளாங் கொடுத்தது ஆப்ஜெக்ட் ஃபைலே இல்லை. எல்எல்விஎம் பிட்கோடு. முதல் ரெண்டு எழுத்தே பி, சி-ன்னு இருக்கும். லினக்ஸோட ஈஎல்எஃப் வாசனையே கிடையாது.

ஜிசிசி மட்டும் யோக்கியமான்னு கேட்டா, அதுவும் இல்லை. அது கொடுக்கிற உறை ஈஎல்எஃப் தான். ஆனா 2014-ல வந்த 4.9-ல இருந்து, நாம தனியாக் கேட்டா ஒழிய, அந்த உறைக்குள்ள மெஷின் கோடு இருக்காது. ஜிசிசிக்கு மட்டும் புரியற இடைநிலை மொழி தான் இருக்கும். இடைநிலை மொழி, மெஷின் கோடு ரெண்டையும் சேர்த்து வைக்கிற "குண்டு" ஆப்ஜெக்ட் ஜிசிசியில ரொம்ப நாளா இருக்கு. கிளாங்குக்கு அது 2023-ல தான் வந்துச்சு.

நான் முன்னாடி ஆணி புடுங்கின ஒரு கம்பெனியில (பேர் வேணாம்) இதுவே நாலு டீமுக்கு மூணு நாள் வேலை வச்சுது. ஒரு டீம் கிளாங்ல கட்டின லைப்ரரியைக் கொடுத்தாங்க. வாங்கின டீம்கிட்ட இருந்தது ஜிசிசி. லிங்கர் "இது என்ன ஃபார்மட்டுன்னே எனக்குத் தெரியலை"ன்னு கையை விரிச்சுது. கொடுத்தவங்க "எங்ககிட்ட ஓடுதே"ன்னாங்க. வாங்கினவங்க "கோப்பு கெட்டுப் போயிருக்கு, மறுபடி அனுப்புங்க"ன்னாங்க. மறுபடி மறுபடி அனுப்பினாங்க! "அண்ணே, ஃபைல் கமாண்டு போட்டு உள்ளே என்ன இருக்குன்னு பாருங்கண்ணே"ன்னு ஒரு புதுப்பையன் சொன்னதை மூணாவது நாள் சாயந்திரம் தான் காதுல வாங்கினாங்க. அதுவரைக்கும் மீட்டிங்ல சுத்தி சுத்தி வந்த வசனம் எது? பதிவோட முதல் வரி தான். நற நற.

2. ஒரே பேரு, வேற வேற ஜாதகம்

இது பழைய கதை, ஆனா சாகலை. விண்டோஸ்ல ஆப்ஜெக்ட் ஃபைல்னா .ஓபிஜே. போர்லண்ட் கம்பைலர் கொடுத்ததும் .ஓபிஜே, மைக்ரோசாஃப்ட் கொடுத்ததும் .ஓபிஜே. போர்லண்டோடது ஓஎம்எஃப் ஃபார்மட், மைக்ரோசாஃப்ட்டோடது காஃப். ஒண்ணை இன்னொண்ணோட லிங்கர்ல போட்டா எறிஞ்சிடும். இதுக்குன்னு மாத்திக் கொடுக்கிற கருவி ஒண்ணை போர்லண்டே கொடுத்துச்சுன்னா பார்த்துக்கோங்க.

சி++ வந்ததும் இன்னும் மோசம். ஃபங்ஷன் பேரை ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ள அப்படியே எழுத மாட்டாங்க, என்ன வகை ஆர்க்யுமெண்ட்னு எல்லாம் சேர்த்துச் சுருட்டி எழுதுவாங்க. ஜி++ சுருட்டினா அடிக்கோடும் இசட்-டும் போட்டு ஆரம்பிக்கும். மைக்ரோசாஃப்ட் சுருட்டினா கேள்விக்குறியில ஆரம்பிக்கும். ரெண்டும் காஃப் ஃபார்மட்டா இருந்தாலும், ஒருத்தர் கூப்பிடுற பேரு இன்னொருத்தர் வீட்டு ரேஷன் கார்டுல இருக்காது. இதுல நல்ல விஷயம் ஒண்ணு உண்டு. லிங்கர் சத்தம் போட்டு நின்னுடும். சத்தம் போட்டு நிக்கிற தப்பை நான் மன்னிப்பேன். அடுத்தது சத்தமே போடாது.

3. ஒரே கணக்கு, வேற விடை

பெருக்கி உடனே கூட்டுறதை ஒரே அடியில பண்ற இன்ஸ்ட்ரக்ஷன் இன்னிக்கு செல்போன்ல இருக்கிற 64 பிட் ஆர்ம் சிப் எல்லாத்துலயும் இருக்கு. நடுவுல ரவுண்டிங் இல்லாததால விடை கொஞ்சம் வேற வரும். இதை நாம கேட்காமலே பயன்படுத்தலாமா? ஜிசிசி வழக்கமான செட்டிங்ல "தாராளமா"ங்கும். கிளாங் 2022-ல 14-வது பதிப்பு வர்ற வரைக்கும் "கேட்டா தான்"ன்னுச்சு. அதுக்கப்புறம் "ஒரே கோவைக்குள்ள இருந்தா மட்டும்"ங்குது.

இதனால என்ன? ஓடும்போது வர்ற ஒரு எண்ணை ரெண்டு வேரியபிள்ல வைங்க. முதல் வரியில ஒண்ணோட வர்க்கம், ரெண்டாவது வரியில இன்னொண்ணோட வர்க்கம், மூணாவது வரியில கழித்தல். அஞ்சாங்கிளாஸ் பையன் சொல்லுவான், பூஜ்யம். ஆர்ம் சிப்புக்காக, அதே ஆப்டிமைசேஷன் ஃபிளாக் போட்டு ரெண்டு கம்பைலர்லயும் கட்டினா, கிளாங் பூஜ்யம்னு சொல்லும். ஜிசிசி சில எண்களுக்கு மயிரிழை அளவு மிச்சம் வைக்கும். அந்த மிச்சம் மைனஸ்ல இருந்து, அதுக்கு வர்க்கமூலம் எடுத்தீங்கன்னா, விடை "எண்ணே இல்லை". ரெண்டு கம்பைலருமே மொழி இலக்கணத்துக்குள்ள நின்னு தான் பேசுது. ஆனா மாத்திப் போட்டா போதும்னு சொன்னாங்களே, அந்த ஆளு எங்கே?

லாங் டபுள் கதை இதைவிடக் கூத்து. ஜிசிசிக்கு இன்டெல் சிப்புல அது 80 பிட். மைக்ரோசாஃப்ட்டுக்கு அது சாதா டபுள், 64 பிட். விண்டோஸ்ல ஓடுற மிங்கு-ன்னு ஒரு ஜிசிசி. அது கணக்கை 80 பிட்ல போடும், பிரிண்ட்எஃப்-ஐ மட்டும் விண்டோஸோட பழைய டிஎல்எல்-ல இருந்து கடன் வாங்கும். கடன் கொடுத்தவர் 64 பிட்னு நினைச்சுப் படிப்பார். திரையில குப்பை வரும். நிரல்ல ஒரு எழுத்து தப்பில்லை.

4. ஒரே கம்பைலர், நேத்து ஒண்ணு இன்னிக்கு ஒண்ணு

ரெண்டு கம்பைலரை விடுங்க. மைக்ரோசாஃப்ட் கம்பைலர்ல அதே கோப்பை ரெண்டு தடவை கம்பைல் பண்ணுங்க. ரெண்டும் பைட்டுக்கு பைட் ஒத்துப் போகாது, ஏன்னா ஆப்ஜெக்ட் ஃபைல் தலையில கம்பைல் பண்ணின நேரத்தை அது எழுதி வைக்கும். நிறுத்தணும்னா தனியா ஒரு ஃபிளாக் உண்டு, தேடித் தான் கண்டுபிடிக்கணும்.

லினக்ஸ் பக்கம் நேரம் வேற வழியில உள்ளே வரும். இன்னிக்கு என்ன தேதின்னு நிரலே கேட்கலாம். "நெஜத் தேதியைச் சொல்லாதே, நான் கொடுக்கிற தேதியைச் சொல்லு"ன்னு கம்பைலருக்குச் சொல்ல 2015-ல ஒரு பொது ஏற்பாடு வந்துச்சு. ஜிசிசி அதை 2017-ல 7-வது பதிப்புல மதிக்க ஆரம்பிச்சுது. கிளாங்? 2023-ல, 16-வது பதிப்புல. நடுவுல இருந்த ஆறு வருஷம் அதே ஏற்பாட்டை கிளாங்குக்குச் சொன்னவங்களுக்கு ஒரு எச்சரிக்கை கூட கிடையாது.

அப்புறம் முகவரி. டீபக் தகவலோட கம்பைல் பண்ணினா, எந்த ஃபோல்டர்ல உட்கார்ந்து கட்டினோம்ங்கிறது ஆப்ஜெக்ட் ஃபைலுக்குள்ள போயிடும். என் மெஷின்ல ஒரு பாதை, உங்க மெஷின்ல ஒரு பாதை, ஆக ரெண்டு கோப்பும் வேற. எங்க ஊர்க்காரனுக்கு இது சட்டுனு புரியும். உடையார்பாளையம் 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2001-ல அரியலூர், 2002-ல மறுபடி பெரம்பலூர், 2007-ல மறுபடி அரியலூர். ஒரே வீட்டுல அப்பா, அண்ணன், தம்பி மூணு பேரு சான்றிதழ்லயும் மூணு மாவட்டம். ஊரு ஒரு அடி கூட நகரலை! ஆபீசர் ஒவ்வொருத்தருக்கும் விளக்கணும். பாதையை மறைக்கிற ஃபிளாக் ஜிசிசி, கிளாங் ரெண்டுலயும் உண்டு, நாம தான் தனியாக் கேட்டு வாங்கணும்.

5. தெரியாததுக்கும் தலையாட்டுறது

எனக்கு ரொம்பக் கோபம் வர்றது இதுல தான். ஜிசிசிக்குத் தெரிஞ்ச சில ஆப்டிமைசேஷன் ஃபிளாக் கிளாங்குக்குத் தெரியாது. அது என்ன செய்யும்? "இதை நான் ஆதரிக்கலை"ன்னு ஒரு எச்சரிக்கையை முணுமுணுத்துட்டு, ஆப்ஜெக்ட் ஃபைலைக் கொடுத்துடும். கிளாங்-சிஎல் புரியாத ஃபிளாக்கையே "கண்டுக்கலை"ன்னு சொல்லிட்டு மேலே போகும். பத்தாயிரம் வரி ஓடுற பில்ட் லாக்ல அந்த ஒரு வரியை எவன் பார்த்தான்? வெளிய வந்த கோப்பு நீங்க கேட்டது இல்லை. ஆனா கோப்பு இருக்கு, பச்சை விளக்கு எரியுது.

இங்கே எங்க ஊர் பட்டுத்தறியைப் பத்தி ஒரு வார்த்தை. ஜக்கார்டு பெட்டி பார்த்திருப்பீங்க, மேலே ஓட்டை போட்ட அட்டை வரிசையாச் சுத்தும். அந்த அட்டை தான் நிரல். 1804-ல ஜோசப் மேரி ஜக்கார்டு செஞ்சது, நம்ம தொழிலுக்கே பாட்டன். 240 கொக்கி பெட்டிக்கு அடிச்ச அட்டையை 120 கொக்கி பெட்டியில மாட்டப் போனா மாட்டாது. கையில எடுத்த அந்த நிமிஷமே தெரிஞ்சிடும். பாவு ஏத்தி, ஊடை ஓட்டி, பாதிச் சேலை நெஞ்ச பிறகு "உங்க அட்டையில பாதியை நான் கண்டுக்கலை"ன்னு தறி சொல்லாது. 200 வருஷம் முந்தின மரப்பெட்டிக்கு இருக்கிற நேர்மை, கோடிக்கணக்கான வரி எழுதின கம்பைலருக்கு ஏன் இல்லை?

நம்ம ஊர்ப் பசங்க கதி

இதெல்லாம் பெரிய கம்பெனிகளோட தலைவலின்னு நினைக்கிறவங்களுக்கு. தமிழ்நாடு பாடத்திட்டத்துல பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சி++ பாடத்துக்கு டெவ் சி++ன்னு ஒரு மென்பொருள் வருது. அதுக்குள்ள இருக்கிறது மிங்கு, அதாவது விண்டோஸுக்கு வந்த ஜிசிசி. 2019-ல வந்த பிளஸ் டூ புத்தகத்துல, பைத்தான்ல இருந்து சி++ நிரலை ஓட்டுறதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு. பைத்தான் நிரல் ஜி++ங்கிற கமாண்டைக் கூப்பிடும், மைனஸ் ஓ போட்டு வெளிக்கோப்போட பேரைச் சொல்லும், வந்ததை ஓட்டும். நெஜமாவே அருமையான பாடம். கம்பைலர்ங்கிறது பட்டன் கிடையாது, கமாண்டுன்னு நம்ம கிராமத்துப் பசங்களுக்குப் பதினேழு வயசுலயே காட்டுது. நான் படிச்ச காலத்துல இது இல்லையேன்னு பொறாமையாக் கூட இருக்கு.

அந்தப் பையன் அடுத்த வருஷம் இன்ஜினியரிங் சேர்றான். போற லேப்ல நீலத்திரை. டர்போ சி++ 3.0, 1991-ல வந்தது. சி++க்கு முதல் ஐஎஸ்ஓ தரம் வந்ததே 1998-ல தான். 64 பிட் விண்டோஸ்ல அது நேரா ஓடக் கூட ஓடாது. டாஸ்பாக்ஸ்னு ஒரு பொம்மை டாஸுக்குள்ள அதைக் குடி வச்சு ஓட்டுறாங்க. இன்னும் இப்படி நடக்கிற லேப் இருக்குங்க, சும்மா இல்லை.

பையன் ஃபேக்டோரியல் நிரல் எழுதுறான். பிளஸ் டூவுல எழுதின அதே நிரல் தான். 7-க்கு 5040, சரி. 8-க்கு 40320 வரணும். திரையில -25216. ஏன்னா டர்போ சி-க்கு இன்டிஜர் 16 பிட், 32767-க்கு மேல போனா மைனஸ்ல விழுந்துடும். டெவ் சி++ல 32 பிட், அதனால 12 வரைக்கும் சரியா வரும், 13-ல அதுவும் பல்லைக் காட்டும். அதே நிரல், அதே மொழின்னு பேரு, மைனஸ் சி போட்டா ரெண்டுமே ஆப்ஜெக்ட் ஃபைல் கொடுக்கும்.

இந்த இடத்துல யாராவது பக்கத்துல உட்கார்ந்து "இது உன் தப்பு இல்லைடா தம்பி, கம்பைலருக்குக் கம்பைலர் அளவு மாறும், வா ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறந்து பார்ப்போம்"ன்னு சொன்னா, அதைவிட நல்ல பாடம் நாலு வருஷத்துல வேற கிடைக்காது. ஆனா என்ன சொல்லுவாங்க? "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி 5 கொடு, அவுட்புட் வரும்." அவ்வளவு தான். பையன் கத்துக்கிட்டது என்ன? கம்ப்யூட்டர் மந்திரம், நமக்குப் புரியாது, கேள்வி கேட்கக் கூடாது. முந்திரிக்காட்டு ஓரத்துல இருந்து முதல் தலைமுறையாப் படிக்க வந்தவன், தப்பு தன் தலையில தான்னு நினைச்சுக்குவான். கம்பாட்டிபிள்ங்கிற பொய்க்கு வட்டி கட்டுறது அவன் தான். என் கோபத்துல பாதி இதுக்குத் தான்.

மறுப்புகளும் மொட்டைகளும்

"வேலை செய்யுதுல்ல, விடு மச்சி." வேலை செய்யுதுன்னு எப்படித் தெரியும்? நீ ஓட்டிப் பார்த்த மூணு இன்புட்டுக்கு ஓடுது. ஆப்ஜெக்ட் ஃபைல் மாறினதே தெரியாதவன், விடை மாறலைன்னு எந்த தைரியத்துல சொல்றான்?

"ரெண்டு கம்பைலரும் ஒரே பைட் கொடுக்கணும்னா அப்புறம் போட்டி எதுக்கு?" நியாயமான கேள்வி. நான் அதைக் கேட்கவே இல்லை. உள்ளே எப்படி வேணா வேகமாக்கு, எந்த ரிஜிஸ்டரை வேணா எடுத்துக்கோ. ஆனா ஒரே கம்பைலர், ஒரே நிரல், ஒரே ஃபிளாக்னா ஒரே கோப்பு வரணும். வேற கம்பைலரா இருந்து என்னோட கமாண்டை வாங்கிக்கிட்டா, அந்தக் கமாண்டுக்கு நான் எதிர்பார்க்கிற அர்த்தத்தைக் கொடு. முடியலைன்னா "முடியாது"ன்னு சொல்லி நில்லு.

"மேனுவல்ல எல்லாம் எழுதியிருக்கே." இருக்கு. ஆனா வித்தியாசம் இருக்குன்னு சந்தேகப்படுறவன் தானே மேனுவலைத் திறப்பான்? கம்பாட்டிபிள்னு சொல்லி அந்த சந்தேகத்தையே கிள்ளி எறிஞ்சுட்டு, அப்புறம் நீ ஏன் படிக்கலைன்னு கேட்கிறது என்ன நியாயம்?

"இலவசமாக் கொடுக்கிறவங்களைத் திட்டலாமா?" அவங்க உழைப்புக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். கிளாங் வந்த பிறகு தான் ஜிசிசியோட பிழைச் செய்திகளே மனுஷன் படிக்கிற மாதிரி ஆச்சுங்கிறது என் அபிப்பிராயம். நான் திட்டுறது அந்த ஒட்டுச்சீட்டை. அதையும், அதை நம்பித் திட்டம் போடுற நம்மளையும்.

ஆணி புடுங்காதவங்களுக்கு இதுல என்ன?

மேலே ஒரு கடன் வச்சிருந்தேன், தீர்த்துடுறேன்.

1984-ல கென் தாம்ப்சன், யூனிக்ஸ் எழுதினவர்ல ஒருத்தர், ட்யூரிங் விருது உரையில ஒரு குண்டைப் போட்டார். கம்பைலரே திருட்டுத்தனம் பண்ணினா, சோர்ஸ் கோடை எத்தனை தடவை படிச்சாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னார். இதுக்கு மாத்து மருந்து ஒண்ணை டேவிட் வீலர் 2005-ல எழுதி, 2009-ல முனைவர் பட்ட ஆய்வாவே கொடுத்தார். சந்தேகப்படுற கம்பைலரோட சோர்ஸை இன்னொரு கம்பைலர்ல கட்டு. வந்ததை வச்சு அதே சோர்ஸை மறுபடி கட்டு. கடைசியில வர்றது முதல் கம்பைலரோட பைட்டுக்கு பைட் ஒத்துப் போகணும். ஒத்துப் போகலைன்னா எங்கேயோ இடிக்குது. பாருங்க, இங்கே ரெண்டு கம்பைலர் வேற வேறயா இருக்கிறது நமக்குப் பலம்! ஆனா நேரம், பாதை, ராசி பார்த்து கோப்பு மாறிக்கிட்டே இருந்தா ஒப்பிடவே முடியாது, மருந்து வேலை செய்யாது. 2013-ல டெபியன் ஆளுங்க "யார் கட்டினாலும் ஒரே கோப்பு"ன்னு வேலை ஆரம்பிச்சது இதுக்காகத் தான்.

வெறும் தியரின்னு நினைச்சா, 2024 மார்ச் மாசத்தை ஞாபகப்படுத்திக்கோங்க. எக்ஸ்இசட்-ன்னு ஒரு சுருக்கும் மென்பொருள், லினக்ஸ் எல்லாத்துலயும் இருக்கிறது. அதோட 5.6.0, 5.6.1 பதிப்புகள்ல பின்வாசல் வச்சிருந்தாங்க. எப்படி வச்சாங்க? டெஸ்ட் கோப்புன்னு சொல்லி ஒளிச்சு வச்சிருந்த இடத்துல இருந்து, பில்ட் பண்ற நேரத்துல ஏற்கனவே செஞ்சு வச்ச ஒரு ஆப்ஜெக்ட் ஃபைலை வெளிய எடுத்து, நல்ல ஆப்ஜெக்ட் ஃபைல்களோட சேர்த்துத் தச்சுட்டாங்க. அதுவும் கம்பைலர் ஜிசிசியா, லிங்கர் க்னூவோடதான்னு பார்த்துட்டுத் தான் வேலையைக் காட்டுச்சு. திருடனுக்குத் தெரிஞ்சிருக்கு, எந்தக் கம்பைலர்ங்கிறது முக்கியம்னு! ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட்னு ஒரு இன்ஜினியர், எஸ்எஸ்ஹெச் லாகின் அரை செகண்ட் லேட் ஆகுதேன்னு நோண்டினதால உலகம் தப்பிச்சுது. "வேலை செய்யுதுல்ல, விடு மச்சி"ன்னு அவர் விட்டிருந்தா?

நம்ம ஊருக்கு வாங்க. ஓட்டு மெஷினோட சோர்ஸ் கோடைத் தனியாத் தணிக்கை பண்ணணும்னு கேட்ட பொதுநல மனுவை 2023-ல உச்ச நீதிமன்றம் ஏற்கலை. அந்த அரசியல்ல எந்தப் பக்கமும் நான் உட்காரலை. ஆனா ரெண்டு பக்கத்துக்கும் ஒரு ஆணிக்காரனோட குறிப்பு: நாளைக்கே சோர்ஸ் கோடை நடுத்தெருவுல ஒட்டினாலும், அதுல இருந்து தான் சிப்புக்குள்ள இருக்கிறது வந்துச்சுன்னு நிரூபிக்க, யார் கட்டினாலும் ஒரே கோப்பு வரணும். வராத வரைக்கும் சோர்ஸ் கோடுங்கிறது ஜாதகம் மாதிரி. நம்புறவனுக்கு நம்பிக்கை, நம்பாதவனுக்குக் காகிதம். பேங்கு, ரேஷன் கடை பில் மெஷின், ஆஸ்பத்திரி கருவி எல்லாத்துக்கும் இதே கதை தான்.

என்ன தான் வேணும்ங்கிற?

நாலே நாலு.

ஒண்ணு, கருவி எழுதுறவங்களுக்கு: புரியாத ஃபிளாக் வந்தா பிழை கொடுத்து நில்லுங்க. கண்டுக்காம இருக்கிறதை வேணும்னு கேட்கிறவன் தனியாக் கேட்டு வாங்கிக்கட்டும்.

ரெண்டு, நமக்கு: லைப்ரரி கொடுத்தா எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு, எந்த ஃபிளாக்னு ஒரு காகிதம் சேர்த்துக் கொடுங்க. பிஸ்கட் பாக்கெட்டுலயே என்னென்ன போட்டோம்னு அச்சடிக்கிறான்.

மூணு, டீம் லீடுகளுக்கு: மாசம் ஒரு தடவை ரெண்டு மெஷின்ல, ரெண்டு ஃபோல்டர்ல கட்டி ஒப்பிட்டுப் பாருங்க. எங்கே மாறுதோ அங்கே ஏதோ ஒண்ணு உங்களுக்குத் தெரியாம உள்ளே வருது.

நாலு, வாத்தியார்களுக்கு: டர்போ சி-யை மியூசியத்துக்கு அனுப்புங்க. அனுப்புறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாள், அதையும் ஜிசிசியையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு 8 ஃபேக்டோரியல் போட்டுக் காட்டுங்க. -25216 ஏன் வந்துச்சுன்னு தானாக் கண்டுபிடிச்ச பையன், அடுத்து எவன் வந்து "கம்பாட்டிபிள்"னு சொன்னாலும் "எதோட? எந்த அளவுக்கு?"ன்னு திருப்பிக் கேட்பான். அந்தக் கேள்வி போதும் எனக்கு.

டிஸ்கி 1: நான் ஜிசிசி கட்சியும் இல்லை, கிளாங் கட்சியும் இல்லை. ரெண்டு பேரும் பின்னூட்டத்துல வந்து சண்டை போட்டுக்கலாம், சேர் போட்டு வச்சிருக்கேன் :-)

டிஸ்கி 2: "நீ ஏன் ஜாவாவுல எழுதக் கூடாது?"ன்னு கேட்கிற பின்னூட்டங்களை மட்டும் கண்டுக்க மாட்டேன். எச்சரிக்கை கூட கொடுக்க மாட்டேன்.